ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், கோர் பாசிட்டிவ்: கீமோவுக்கு முன் மாத்திரை தேவையா?

தஞ்சைத்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 58. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை. ஆர்-சாப் என்ற கீமோ ஆறு சுற்று கொடுக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் முதல் சுற்று. அதற்கு முன் ஹெபடைடிஸ் பி-க்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ். ஆனால் ஆன்டி-ஹெச்பிசி டோட்டல் என்ற ஒன்று பாசிட்டிவ். டாக்டர் அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் 0.5 மி.கி. மாத்திரை தினமும் ஒன்று போடச் சொல்லியிருக்கிறார். கீமோ முடிந்த பிறகும் ஒன்றரை வருடம் நிறுத்தக்கூடாதாம்.

அண்ணி குழம்பிப் போயிருக்கிறார். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது, அப்புறம் எதற்கு மாத்திரை, அதுவே லிவரைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்கிறார். அண்ணனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து நாட்டு மருந்தில் சரியானது என்று அம்மா சொல்கிறார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? ஓபியில் கூட்டம் அதிகம், டாக்டரிடம் நின்று பேச முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்காரன்

தம்பி, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள மட்டும் உதவுகிறேன்.

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது நெகட்டிவ் என்றால் இப்போது ரத்தத்தில் வைரஸின் நடமாட்டம் தெரியவில்லை என்று பொருள். ஆன்டி-ஹெச்பிசி வைரஸின் உள்பகுதிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள். அது பாசிட்டிவ் என்றால் அண்ணனுக்கு என்றோ ஒரு நாள் ஹெபடைடிஸ் பி வந்து போயிருக்கிறது. தடுப்பூசி போட்டால் இந்தக் கோர் ஆன்டிபாடி வராது, தொற்று வந்தவர்களுக்குத்தான் வரும். சின்ன வயதுக் காமாலை அதுவாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பிள்ளைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ. பி பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், ஹெபடைடிஸ் பி முழுவதுமாகப் போவதில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வட்டமான டிஎன்ஏ-வாகத் தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. ஆர்-சாப்பில் இருக்கும் அந்த 'ஆர்', அதாவது ரிட்டுக்சிமாப், பி செல்களைத் துடைத்து எடுக்கிற மருந்து. அடக்கி வைத்திருந்த பிடி அப்போது விட்டுப் போகிறது. இந்த மருந்து எடுக்கும்போது ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாக இருப்பவர்களில் 100-க்கு 30 முதல் 60 பேருக்கு வைரஸ் மீண்டும் கிளம்பலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அண்ணன் மாதிரி கோர் மட்டும் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கும் 100-க்கு 10-க்கு மேல். 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக ரிட்டுக்சிமாப் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். என்டெகாவிர் வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன். இரவு படுக்கும்போது போடுவது பலருக்கு எளிது.

நெல்லைச்செல்வி

தம்பி, அண்ணியிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

என் அப்பாவுக்கும் இதே லிம்போமா, இதே ஆர்-சாப். ஆறு சுற்றும் முடிந்து ஸ்கேனில் கட்டி சுத்தமாக இல்லை என்றார்கள். வீடே நிம்மதியாக இருந்தது. சில மாதம் கழித்து அப்பாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, அசதி, பிறகு கண் மஞ்சள். கீமோ அசதிதான் என்று நாங்கள் நினைத்தோம். வேறு ஊரில் போய்ப் பார்த்தபோது ஹெபடைடிஸ் பி வைரஸ் லட்சக்கணக்கில் ஏறியிருந்தது. முதல் மருத்துவமனையில் கீமோவுக்கு முன் ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்திருக்கிறார்கள், கோர் பார்க்கவே இல்லை. பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பா லிம்போமாவில் சாகவில்லை, கல்லீரல் செயலிழந்து இறந்தார்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் வந்தாலும் கேட்காதீர்கள். கீமோ முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று தோன்றும், அந்தச் சமயத்தில்தான் அதிகம் கிளம்புகிறது.

இயற்கைவழி

செல்வி அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்துவிட்டது.

ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்கு வேலை செய்கிறது என்று நம் சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கிறார்கள் அல்லவா? மாத்திரையோடு அதையும் கொடுக்கலாமே. எங்கள் வீட்டில் காமாலைக்கு அதுதான்.

லேப்காரன்

அந்த ஆராய்ச்சி உண்மை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து செய்தது. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர் ஆராய்ச்சி என்பதால் எனக்கும் அதில் ஒரு பாசம் உண்டு, அதற்காக லிம்போமா நோயாளிக்கு அதை நம்பச் சொல்ல முடியாது. தவிர அவர்கள் பார்த்தது சாதாரணமாக வைரஸைச் சுமப்பவர்களை. ரிட்டுக்சிமாப் ஏறிக்கொண்டிருக்கும் உடம்பு வேறு.

கூடவே கொடுப்பதிலும் ஒரு பிரச்சினை. கீமோ நடுவில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறினால் வைரஸா, கீமோ மருந்தா, மூலிகையா என்று டாக்டருக்குத் தெரியாது. கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். காரணம் தேடியே நாள் போய்விடும்.

தம்பிக்கு இன்னொன்று. ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றிய பிறகு இந்தக் கோர் டெஸ்ட் எடுத்தால், கொடுத்தவரின் ஆன்டிபாடி கலந்து பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். அண்ணனுக்கு எதுவும் ஏற்றும் முன் எடுத்ததுதானே? அப்படியானால் ரிப்போர்ட்டை நம்பலாம்.

தஞ்சைத்தம்பி

ஆமாம், எதுவும் ஏற்றவில்லை. செல்வி அக்கா எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். மாத்திரை நேற்று இரவு தொடங்கிவிட்டார். ரொம்ப நன்றி அக்கா. மாதம் மாதம் வாங்க வேண்டுமே, செலவு எப்படி?

வார்டுசிஸ்டர்

அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அதில் இலவசம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல்-கல்லீரல் பிரிவில் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டிக் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒருமுறை ஹெச்பிஎஸ்ஏஜி பார்த்து, தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது 2011-ல்தான். நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் போட்டிருக்க மாட்டோம்.

நான் மஜ்ஜை மாற்று வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். இந்த இழையில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு வீட்டாரும் அதே கேள்வியைக் கேட்பார்கள்: "கவுண்ட் ஏறிவிட்டதே சிஸ்டர், இனி பயமில்லைதானே?"

அந்தக் கவுண்ட் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை. அது குறைந்திருக்கும் நாட்களில் பாக்டீரியா, பூஞ்சை இரண்டும் பெரிய எதிரி. காய்ச்சல் 100.4 தாண்டினால் நேரம் பார்க்காமல் ஓடி வரச் சொல்வது அதற்காகத்தான். வைரஸைப் பிடிப்பது லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு, அதிலும் முக்கியமாக டி செல். நியூட்ரோஃபில் சில வாரத்தில் ஏறிவிடும். டி செல் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அடுத்தவரின் ஸ்டெம் செல் வாங்கியவர்களுக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். கொடுத்தவரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் ஜிவிஹெச்டி என்ற நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்தால் இன்னும் தள்ளிப் போகும். ரிப்போர்ட்டில் கவுண்ட் அழகாக இருக்கும்போதே வைரஸ் கிளம்புவது அதனால்தான்.

இன்னொன்று, மக்கள் மாஸ்க், சானிடைசர், வெளிச் சாப்பாடு என்று வெளியிலிருந்து வருவதைத்தான் பயப்படுகிறார்கள். அது தேவைதான், ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் கொரோனாவும் மாற்று சிகிச்சை முடிந்தவரின் நுரையீரலில் இறங்கினால் விளையாட்டல்ல. ஆனால் நான் பார்த்த வைரஸ் தொற்றுகளில் பாதிக்கு மேல் நோயாளியின் உடம்புக்குள் ஏற்கெனவே இருந்தவை. ஹெர்பிஸ், சின்னம்மை வைரஸ், சிஎம்வி, ஈபிவி, பிகே எல்லாம் சின்ன வயதிலேயே நமக்குள் வந்து தங்கிவிட்டவை. வாய்ப்புண் என்று கீமோவைக் குறை சொல்வோம், எடுத்துப் பார்த்தால் ஹெர்பிஸாக இருக்கும். தடுப்பு மருந்து கொடுக்காத காலத்தில், ஹெர்பிஸ் உள்ளுக்குள் இருந்தவர்களில் 10-ல் 7, 8 பேருக்கு மாற்று சிகிச்சை சமயத்தில் அது கிளம்பியது. இன்று எல்லோருக்கும் அசைக்ளோவிர் கொடுப்பதால் அரிதாகிவிட்டது. அந்த மாத்திரையைத்தான் வீட்டுக்குப் போனதும் முதலில் நிறுத்திவிடுகிறார்கள்.

கோவைக்காரர்

சிஸ்டர் சொன்ன சிஎம்வி எனக்கு வந்தது. எனக்கு ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை மாற்றுக்குத் தம்பிதான் டோனர்.

இந்தியாவில் பெரியவர்கள் 10 பேரில் 9 பேருக்கு மேல் சிஎம்வி வந்து போயிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு இருந்தது, தம்பிக்கும் இருந்தது. தம்பிக்கு இருந்தது நல்லதுதான் என்றார் டாக்டர், எனக்கு அப்போது அது விசித்திரமாக இருந்தது. சிறுநீரக மாற்றில் டோனருக்கு சிஎம்வி இருந்து நோயாளிக்கு இல்லாவிட்டால் ஆபத்து. மஜ்ஜையில் தலைகீழ்: நோயாளிக்கு இருந்து டோனருக்கு இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஏனென்றால் இங்கே மாறுவது எதிர்ப்பு சக்தியே. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரருக்குப் பழைய கேடி யார் என்று தெரியாது அல்லவா, அப்படி என்று விளக்கினார்.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் பிசிஆர் டெஸ்ட் வாரம் ஒருமுறை எடுத்தார்கள், மாற்று முடிந்து நூறாவது நாள் வரை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாக இருந்தேன். எண்ணிக்கை ஏறியது. அறிகுறி வரும் முன்பே மருந்து தொடங்க வேண்டும் என்று கான்சிக்ளோவிர் போட்டார்கள். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டால் காப்பாற்றுவது மிகவும் கடினமாம், கான்சிக்ளோவிர் வருவதற்கு முன் சிஎம்வி நிமோனியா வந்த மாற்று நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மருந்து மஜ்ஜையை அடக்கும். அரும்பாடுபட்டு ஏறிய கவுண்ட் மறுபடி இறங்கியது, கவுண்ட் ஏற்றும் ஊசி போட்டார்கள். மாற்றாக ஃபோஸ்கார்னெட் உண்டு, அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்றார்கள்.

அப்புறம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும். குடலில் ஜிவிஹெச்டி வந்தாலும் வயிற்றுப்போக்கு, சிஎம்வி வந்தாலும் வயிற்றுப்போக்கு. முதலாவதுக்கு ஸ்டீராய்டை ஏற்ற வேண்டும். இரண்டாவதாக இருந்தால் ஸ்டீராய்டு ஏற்றுவது வைரஸுக்கு வழிவிட்டது மாதிரி ஆகும். ரத்தப் பிசிஆர் நெகட்டிவாக இருக்கும்போதே குடலில் சிஎம்வி இருக்கலாமாம். அதனால் கொலனோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் இன்னொரு சோதனையா என்று என் மனைவி கலங்கினாள். ஆனால் அதில்தான் இரண்டுமே சேர்ந்திருப்பது தெரிந்து, இரண்டுக்கும் மருந்து கொடுத்தார்கள். சதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது லெட்டர்மோவிர் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, 2017-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிஎம்வி கிளம்பாமலே தடுக்கும், மஜ்ஜையை அடக்காது. விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது.

வார்டுசிஸ்டர்

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: லெட்டர்மோவிர் சிஎம்வியை மட்டும்தான் தடுக்கும். ஹெர்பிஸுக்கும் சின்னம்மை வைரஸுக்கும் அது வேலை செய்யாது. அதை எடுப்பவர்களும் அசைக்ளோவிரைத் தொடர வேண்டும்.

மதுரைமருமகள்

என் மாமனாருக்கு மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய், அதற்குப் போர்டெசோமிப் ஊசி வாராவாரம். திடீரென்று விலாப் பக்கம் ஒரு பக்கமாக எரிச்சல், வலி. வாயு என்று நினைத்தோம். மூன்றாம் நாள் கொப்புளம் பட்டையாக வந்துவிட்டது, அக்கி. ஊரில் வேளார் ஒருவர் செங்காவி குழைத்து அக்கி எழுதுவார், பத்தியம் சொல்வார். மாமனார் அவரிடம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மேல் மாமாவுக்கு அவ்வளவு நம்பிக்கை, நானும் தடுக்கவில்லை. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி அழைத்துப் போனேன். அசைக்ளோவிர் கொடுத்தார்கள். ஈரமான கொப்புளத்தின் மேல் எதுவும் பூச வேண்டாம், வேறு கிருமி சேரும் என்று டாக்டர் தன்மையாக எடுத்துச் சொன்னதும் மாமா ஏற்றுக்கொண்டார்.

போர்டெசோமிப் போடுபவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு அதிகம், அதற்காகவே கூடவே அசைக்ளோவிர் கொடுப்பது வழக்கமாம். மாமாவுக்கும் எழுதியிருந்தார்கள். மாத்திரை அதிகமாக இருக்கிறது என்று அவரே அதை விட்டுவிட்டிருக்கிறார்.

வார்டுசிஸ்டர்

நீங்கள் செய்தது மிகச் சரி. 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதைத் தாண்டினாலும் கொடுக்க வேண்டும், நாள் கடந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நெற்றி, மூக்கு நுனியில் வந்தால் அன்றே கண் டாக்டர். மாற்று சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சில சமயம் கொப்புளமே இல்லாமல் கடுமையான வயிற்று வலியும் கல்லீரல் எண்கள் ஏறுவதுமாக, அக்கிக்குக் காரணமான இதே சின்னம்மை வைரஸ் வரும். அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அசைக்ளோவிர் குறைந்தது ஒரு வருடம்.

திண்டுக்கல்அம்மா

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல், வயது 6. இப்போது மெயின்டனன்ஸ் கீமோ மாத்திரையில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். நேற்று முன்தினம் வரை இவள் அவனோடுதான் விளையாடினாள். இவளுக்கு ஒன்றும் வரவில்லை. மாமியார், "அம்மன் வந்த வீட்டுப் பக்கம் போனதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்கிறார். என்ன செய்வது?

வார்டுசிஸ்டர்

அம்மா, இதைப் படித்த உடனே உங்கள் மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள். கொப்புளம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்பே அந்தப் பையனிடமிருந்து பரவத் தொடங்கியிருக்கும். கீமோவில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகலாம். இப்போது போனால் தடுக்க வழி இருக்கிறது: ஆன்டிபாடி ஊசி உண்டு, சீக்கிரம், முடிந்தால் 96 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. அது கிடைக்காத இடத்தில் அசைக்ளோவிர் தருவார்கள், எந்த நாளில் தொடங்குவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். வீட்டில் இருக்கும் கீமோ மாத்திரையைத் தொடரலாமா என்பதையும் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். போகும்போது காத்திருக்கும் அறையில் மற்ற குழந்தைகளோடு உட்காராமல், வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் இருக்கட்டும், மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டே கிளம்புங்கள். கிளம்புவதுதான் முக்கியம்.

திண்டுக்கல்அம்மா

ஃபோன் செய்தேன் சிஸ்டர். உடனே வரச் சொன்னார்கள். மாமியாரும் கூட வருகிறார். பஸ்ஸில் இருக்கிறோம்.

நெல்லைச்செல்வி

நல்லது அம்மா. பஸ்ஸில் பாப்பாவுக்கு மாஸ்க் போட்டு ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

ஈரோடுஅகிலா

இழை நீண்டுவிட்டது, இருந்தாலும் கேட்கிறேன். என் கணவருக்கு அவர் அக்காவின் ஸ்டெம் செல், பாதிப் பொருத்தம். எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் சிறுநீரில் ரத்தக் கட்டியாகப் போய் ரொம்பத் தவித்தார், பிகே வைரஸ் என்றார்கள். அதற்கென்று தனி மருந்து இல்லை என்று சிறுநீர்ப்பையில் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவியே சரி செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். எங்கள் கேள்வி தடுப்பூசி பற்றி. சின்ன வயதில் போட்ட எல்லாம் போய்விட்டது, மறுபடி போட வேண்டும் என்கிறார்கள். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது, அதற்கும் சொட்டு மருந்து நாள் வருகிறது.

வார்டுசிஸ்டர்

ஆமாம், பழைய மஜ்ஜையோடு பழைய தடுப்பூசிகளின் நினைவும் பெருமளவு போய்விடுகிறது. நிமோனியா தடுப்பூசியை மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கலாம். ஃப்ளூ ஊசி ஆறு மாதத்துக்குப் பிறகு, வருடா வருடம், வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், போலியோ ஊசி எல்லாம் வரிசையாக வரும். உயிருள்ள தடுப்பூசிகளான தட்டம்மை, சின்னம்மை இரண்டும் 24 மாதத்துக்கு முன் கூடாது. அதற்குப் பிறகும் ஜிவிஹெச்டியோ எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தோ இருந்தால் கூடாது.

குழந்தை விஷயம் பலருக்குத் தெரியாதது, கேட்டது நல்லதாகப் போயிற்று. வாய்வழிச் சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள போலியோ வைரஸ். குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் குழந்தைக்குச் சொட்டுக்குப் பதில் ஊசி வடிவப் போலியோ மருந்துதான் போட வேண்டும். போலியோ முகாமில் வீட்டுக்கு வந்து கேட்பார்கள், காரணத்தைச் சொல்லுங்கள், அதற்கு முன்பே குழந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டா சொட்டு போட்டிருந்தால் சில வாரம் டயாபரை அவர் மாற்ற வேண்டாம், நீங்கள் மாற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைக்கான மற்ற ஊசிகளை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள், குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் அவருக்கும் ஆபத்து. ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா (எம்ஆர்) ஊசியைத் தேதி தவறாமல் போடுங்கள், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது.